கணினி பயிலப் புறப்படும் நம் பிள்ளைகள்

ஆடி மாதத்தில் புதுக் காரியம் தொடங்கலாகாது என்பர் நம் பெரியோர். பல்கலைக் கழகங்களோ பெரும்பாலும் ஆடியையொட்டியே முதலாண்டு வகுப்புகளைத் தொடங்கிவிடுகின்றன. நமது ரயில்வே குடியிருப்பிலும் பெட்டி கட்டும் வேலை ஆரம்பமாகிவிட்டது. புறப்படும் பிள்ளைகளுள் கணினிப் பொறியியலுக்கு இடம் பெற்றோரே அதிகம். அவர்தம் பெற்றோர்க்குச் சில சொற்கள் கூற விழைகின்றோம். பத்தாம் வகுப்போடு நின்று எழுத்தர் உத்தியோகம் பார்க்கும் நமக்கு இதில் என்ன தெரியும் என்று அன்பர்கள் வினவலாம். நம் தமையனார் மகன் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

அவன் பன்னிரண்டாம் வகுப்பில் கணினியை விருப்பப் பாடமாக எடுத்தவனல்லன். அயலூர்க் கல்லூரியொன்றில் சேர்ந்தான். பக்கத்தில் அமர்ந்தவன் எட்டாம் வகுப்பு முதலே புரோகிராம் எனப்படும் நிரல் எழுதிப் பழகியவன். ஆசிரியரோ, "இது யாவரும் அறிந்ததுதானே" என்று பாடத்தைத் தாண்டிச் செல்வார். தெரியாதென்று வகுப்பில் எவரும் சொல்லவில்லை; இவனும் சொல்லவில்லை. 'சி' என்னும் கணினி மொழியில், வாக்கிய முடிவில் இடவேண்டிய அரைப்புள்ளி விட்டுப்போனால், அடுத்த வரியில் பிழை இருப்பதாகக் கணினி காட்டுவதுண்டு. அதை அறியாமல் ஓரிரவு முழுவதும் சரியான வரியையே திருத்திக்கொண்டிருந்தானாம். பட்டியலில் உள்ளவற்றை அம்மொழி ஒன்றிலிருந்து எண்ணாது, சுழியிலிருந்து எண்ணும். அருகிலிருந்து ஒருவர் சொன்னால் இரண்டு நிமிடத்தில் தீரும் இடர்கள் இவை.

வீட்டாரோடு பேசும்போதெல்லாம் சௌக்கியம் என்பான். தமையனார் மார்க்கு எவ்வளவு என்று மட்டும் கேட்பார். தீபாவளிக்கு வந்தவன், திரும்பும் டிக்கட்டை ரத்துச் செய்யச் சொன்னான், காரணம் கூறவில்லை. தமையனார் இரைந்தார். அன்றிரவு இரண்டு மணிக்கு வாசற்படியில் தனியே அமர்ந்திருந்தவனைக் கண்டு நாமும் அருகில் அமர்ந்தோம். சரக்கு அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், பதிவேட்டுச் சுருக்கெழுத்துகள் புரியாமலே புரிந்தாற்போல் தலையசைத்து, இருபது நாள் தவறாகப் பதிந்து வந்த நம் கதையைச் சொன்னோம். முதிய வங்காளி எழுத்தர் ஒருவரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்ட பிறகே வேலை பிடிபட்டது. அதைக் கேட்டுச் சிரித்தான், பிறகு வாய்விட்டழுதான், அதன் பின்னரே எல்லாம் சொன்னான்.

டிக்கட் ரத்தாகவில்லை. விடுதியில் மூன்றாமாண்டு மாணவர் ஒருவரிடமும், செய்முறைக் கூடத்தில் உதவும் ஆய்வு மாணவரிடமும் கேட்கத் தொடங்கினான். அந்த ஒரு பாடத்தில் முதற்பருவத்தில் தவறியது உண்மை. மறுமுறை எழுதித் தேறினான். நிரல் என்றாலே பிழைதான் என்று இப்போது சொல்கின்றான். 1949இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்னும் கணினியை உருவாக்கி இயக்கிய மோரிஸ் வில்க்ஸ் என்பாரே, இனித் தம் வாழ்நாளில் பெரும்பகுதி தம் நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியுமென்று அவ்வாண்டில் உணர்ந்ததாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கின்றார். அவருக்கே அந்த நிலையென்றால் நம் வீட்டுப் பிள்ளை எம்மாத்திரம்!

ஆதலின் பெற்றோர் மார்க்கைக் கேட்குமுன், இன்று யாரிடம் என்ன கேட்டாய் என்று கேட்பாராக. கடன் வாங்கி விலையுயர்ந்த மடிக்கணினி வாங்க வேண்டியதில்லை. முதலாண்டு நிரல்களுக்குச் சாதாரணமானதே போதும். கேட்டவுடன் விடையெழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவிகள் இன்று வந்துள்ளன. பிழையின் காரணத்தை விளக்கச் சொல்லிக் கேட்பது நன்று. விடையைப் பெயர்த்தெழுதுவோர் தேர்வுக் கூடத்தில் வெறுங்காகிதத்தோடு விழிப்பர்.

மூத்த மாணவரை அணுகச் சொன்னால் பகடிவதைக்கு அஞ்சுவோரும் உளர். அதனைத் தடுக்கப் பல்கலைக் கழக மானியக் குழு 2009இல் விதிகள் வகுத்துள்ளது. 1800-180-5522 என்னும் எண்ணில் புகார் செய்யலாம். மனம் தளர்ந்து, உறக்கமின்றித் தவிக்கும் பிள்ளைக்கு 14416 என்னும் டெலி மானஸ் எண் உண்டு. 2022இல் மைய அரசு தொடங்கிய இச்சேவையில் கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம். இவ்விரு எண்களையும் பெட்டிக்குள் வைக்கும் முதல் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

தமையனார் மகன் இப்போது மூன்றாமாண்டில் இருக்கின்றான். வரும் ஞாயிறன்று ஊருக்கு வருகின்றான். புறப்படவிருக்கும் பிள்ளைகள் மாலையில் நம் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டியவற்றைக் கேட்கலாம். பெற்றோர் உடன் வரவேண்டாமென்று அவன் குறிப்பாகச் சொல்லியிருக்கின்றான்.