வில்லனின் நியாயம்

நாவல் எழுதத் தொடங்குவோர் பலரும் கதாநாயகனை உருவாக்குவதிலேயே கருத்தைச் செலுத்துகின்றனர். வில்லனுக்கோ முறுக்கு மீசையையும் உருட்டு விழியையும் தந்து ஒதுக்கிவிடுகின்றனர். ஆனால், கதைக்கு விறுவிறுப்பைத் தருபவன் பெரும்பாலும் நாயகனை எதிர்ப்பவனே. அவன் தீயவனாகத்தான் இருத்தல் வேண்டும் என்ற நியதியும் இல்லை.

பிரெஞ்சு ஆசிரியர் விக்டர் ஹ்யூகோ 1862-இல் வெளியிட்ட பெருநாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்தார். அதன் நாயகன் ழான் வால்ழான், ரொட்டி திருடிச் சிறை சென்றவன். தப்பியோட முயன்றதால் தண்டனை வளர்ந்து 19 ஆண்டுகள் சிறையிலே கழித்தவன். பின்னர் வேறு பெயருடன் ஒரு நகரத்தின் தலைவனாக உயர்ந்து, ஏழைகளைக் காத்து வாழ்கிறான். அவனுக்கு எதிராக நிற்கும் போலீஸ் அதிகாரி ஜாவர், லஞ்சமோ பொய்யோ அறியாதவன். சட்டமே அவனுக்குத் தெய்வம்.

ஹ்யூகோ முடிச்சை இறுக்கும் முறையைப் பாருங்கள். ஒரு முதியவர் பார வண்டியின் அடியில் சிக்கிக்கொள்கிறார். அதைத் தூக்கும் வலிமை தான் அறிந்த ஒரே ஒரு கைதிக்குத்தான் உண்டு என்று ஜாவர் நகரத் தலைவன் எதிரிலேயே கூறுகிறான். அதைக் கேட்ட பின்பும் வால்ழான் வண்டியைத் தூக்குகிறான். செய்த நன்மையே அவனுக்கு ஆபத்தாகிறது.

அடுத்து அவன் கைதாவான் என்று நாம் எதிர்பார்க்கிறோம். நடப்பதோ வேறு. வால்ழான் என்று எண்ணி வேறு ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். அதை உண்மை என்று நம்பிய ஜாவர், நகரத் தலைவனை வீணே சந்தேகித்ததற்காகத் தன்னை வேலையிலிருந்து நீக்கும்படி அவனிடமே வேண்டுகிறான். வெளிப்பகை விலகியது, ஆனால் அப்போதுதான் பதற்றம் உச்சத்தை அடைகிறது. வாய் திறவாதிருந்தால் குற்றமற்றவன் ஆயுள் முழுதும் வாடுவான். உண்மையைக் கூறினால் தன் வாழ்வு அழியும். நாயகனை ஓடச் செய்பவன் சாதாரண வில்லன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்பவனே சிறந்த எதிரி.

1950-இல் இக்கதை தமிழில் திரைப்படமானபோது, ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அப்பெயரே அடைமொழியாக நிலைத்துவிட்டது. அத்தகைய பாத்திரம் அது!

வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர் தம் வாழ்வை நாவலாக்க முற்படும்போது, அவ்வூர்க்காரர் ஒருவரை வில்லனாக்கிவிடுவது மிக எளிது. எழுதுகோலை எடுக்குமுன், அவர் பக்கத்து நியாயம் யாதென்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். அந்த நியாயம் வலுவாக இருக்குமானால், உங்கள் நாயகனுக்கு வரும் சோதனையும் வலுவாக இருக்கும். வாசகரும் புத்தகத்தைக் கீழே வைக்கமாட்டார்.