புரை முற்றினால் போதாது, கண் அடங்க வேண்டும்

மார்ச் 31 நெருங்க நெருங்க கண் முகாம் நோட்டீஸ்கள் பெருகும். நிதியாண்டு முடிவதற்குள் ஆபரேஷன் இலக்கை எட்டியாக வேண்டுமே! இந்தச் சமயத்தில் வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: "முகாமில் உடனே வா என்கிறார்கள், யுவைடிஸ், அதாவது கண்ணுக்குள் வரும் அழற்சியைப் பார்க்கும் டாக்டர் மூன்று மாதம் பொறு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

டாக்டர் பேச்சை. அரசுக் கணக்கில் சாதனை என்பது பெரும்பாலும் செய்து முடித்த ஆபரேஷன்களின் எண்ணிக்கைதான்.

மூன்று மாதம் எதற்கு? நலமான கண்ணுக்குள் இருக்கும் நீரில் வெள்ளணுக்களோ புரதமோ இறங்காதபடி இரத்தக் குழாய்ச் சுவர்கள் காக்கின்றன. யுவைடிஸ் வந்தால் அந்தச் சுவர் கசியும். ஸ்டீராய்டு கசிவை அடக்கும். நீண்ட நாள் போட்டால் அதே ஸ்டீராய்டு லென்ஸின் பின்புறம் புரையையும் வளர்க்கும். இப்படி நோயும் மருந்தும் சேர்ந்து வளர்த்த புரையில் அவசரப்பட்டுக் கை வைத்தால் கசிவு மறுபடி கிளம்பி, விழித்திரையின் மையத்தில் நீர் கோத்துக்கொள்ளும். புது லென்ஸ் பளிச்சென்று இருக்கும். எதிரே நிற்பவர் முகம் மட்டும் தெளியாது. பதிவேட்டில் அதுவும் ஓர் ஆபரேஷன்தான்.

கண் சிவக்கவில்லை என்பதால் அடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. மூட்டு அழற்சி உள்ள சிறுவர்களுக்குக் கண் வெள்ளை வெளேரென்று இருக்கும்போதே உள்ளே அழற்சி ஓடும். ஸ்லிட் லாம்ப் என்னும் கண் பரிசோதனைக் கருவியில், ஒரு மில்லிமீட்டர் சதுர ஒளியில் மிதக்கும் அணுக்களை டாக்டர் எண்ணுகிறார். 2005-இல் நிபுணர்கள் வகுத்த அளவுகோலின்படி, ஓர் அணுகூடத் தென்படாவிட்டால்தான் கண் அடங்கியதாகக் கொள்ளலாம். அந்த நிலை மூன்று மாதமாவது நீடிக்க வேண்டும். முகாம் நெரிசலில் இதை யார் எண்ணுவது?

எப்போதும் காத்திருக்க வேண்டுமா? முற்றிய புரை கசிந்து அதுவே அழற்சியைக் கிளப்பினால் காத்திருக்கக் கூடாது.

ஆபரேஷனுக்கு முன் ஸ்டீராய்டை நிறுத்தலாமா? நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆபரேஷனையொட்டி அளவைக் கூட்டுவதே வழக்கம்.

பார்வை எவ்வளவு திரும்பும்? ஃபக்ஸ் எனும் யுவைடிஸ் வகையிலும், 1993 வெள்ளத்துக்குப் பின் மதுரைப் பகுதியில் பரவிய எலிக்காய்ச்சல் வகையிலும் பெரும்பாலும் நன்றாகவே. யுவைடிஸைக் கொண்டுவரும் பேஷெட் நோயில் பார்வை நரம்பு பழுதாகியிருந்தால் லென்ஸ் மாற்றியும் பெரிய பலனில்லை.

முகாமுக்குப் போனால் பழைய மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். யுவைடிஸ் வந்த கண் என்பதை, அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.