லூமுட்டை விட்டுப் போகும் முன்...

லூமுட்டில் பிறந்து வளர்ந்தவர்களிடம் பங்கோர் தீவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அதோ, எதிரில்தானே இருக்கிறது" என்பார்கள். கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். விடுமுறை வந்தால் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து ஃபெர்ரி ஏறுகிறார்கள். எங்களுக்கோ படகுத்துறை என்பது பஸ் ஏறப் போகும் வழியில் தென்படும் ஓர் இடம், அவ்வளவுதான்.

எஸ்டிபிஎம் தேர்வுக்குப் பிறகு மலேசிய சபா பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்தது. கோத்தா கினபாலுவுக்குப் புறப்பட ஐந்து வாரங்கள் இருந்தன. என் வகுப்புத் தோழியின் அப்பா கடற்படையில் பணி ஓய்வு பெறுகிறார். தளத்துக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு அவர்கள் சிரம்பானுக்குப் போகிறார்கள். ஆக, இரண்டு பேரும் ஊரை விட்டுப் போகிறோம். ஒரு பழைய கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பார்க்க வேண்டியவை, சாப்பிட வேண்டியவை என்று பதினொன்றை எழுதினோம்.

சில சுலபமாக முடிந்தன. தெலுக் பாத்தேக் கடற்கரையில் ஒரு மாலை. நீர்முகப்பில் உட்கார்ந்து தே தாரிக். தோழி வளர்ந்த குடியிருப்புத் திடலை மட்டும் அவள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தளத்துக்குள் நான் நினைத்தபடி நுழைய முடியாது.

கொம்பியாவுக்காகச் சித்தியவான் போனோம். 1903-இல் சீனாவின் ஃபூச்சோவ் பகுதியிலிருந்து மெதடிஸ்ட் கிறித்துவக் குடும்பங்கள் அங்கு வந்து குடியேறின. அவர்கள் கொண்டுவந்த ரொட்டி இது. பிசைந்த மாவை அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுகிறார்கள், நம் தந்தூரி ரொட்டியைப் போலவே. சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போனால் பல்லுக்குத்தான் வேலை.

பங்கோருக்குப் பாட்டியையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனோம். லூமுட்டிலிருந்து ஃபெர்ரியில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மரினா தீவிலிருந்து ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஆனால் பாட்டி பழைய வழியில்தான் போக வேண்டும் என்றார். அங்கே இறங்கியதும் இளஞ்சிவப்பு வேன் ஒன்றில் தெலுக் கெடுங் போனோம். டச்சுக்கோட்டை அங்கேதான் இருக்கிறது.

அதைக் கோட்டை என்று சொல்வதற்குக் கொஞ்சம் தாராள மனம் வேண்டும். கூரையில்லாத ஒரு செங்கல் கட்டடம், ஓரளவு பெரிய வீட்டின் அளவுதான். டச்சுக்காரர்கள் 1670-இல் முதலில் மரத்தால் கட்டினார்கள். பேராக்கின் ஈயம் அவர்கள் கைக்குப் போக வேண்டும் என்பதே நோக்கம். 1690-இல் உள்ளூர் மக்கள் தாக்கி அழித்தார்கள். பிறகு மீண்டும் வந்து காவல் போட்டார்கள், 1748-இல் கைவிட்டுப் போனார்கள். இன்று நாம் பார்க்கும் சுவர்களை 1973-இல் அருங்காட்சியகத் துறை சீரமைத்தது. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "இத்தனூண்டு வீட்டுக்கா இவ்வளவு சண்டை போட்டானுங்க?" என்றார்.

வரலாற்றுப் பாடத்தில் 1874 பங்கோர் உடன்படிக்கையை எல்லாரும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். ராஜா அப்துல்லாவைச் சுல்தானாக ஏற்றது, பிரிட்டிஷ் ரெசிடெண்ட் வந்தது எல்லாம் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். அதே உடன்படிக்கையால் லூமுட்டும் சுற்றுப்புறமும் டிண்டிங்ஸ் என்ற பெயரில் பிரிட்டிஷார் கைக்குப் போயின. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரோடு நீரிணைக் குடியேற்றங்களில் ஒரு பகுதியாக இருந்துவிட்டு, 1935-இல்தான் பேராக்கிடம் திரும்பின. தேர்வில் யாரும் இதைக் கேட்கவில்லை. எனக்கோ பாடத்தில் படித்த மற்றவற்றைவிட இதுதான் சுவையாக இருந்தது.

திரும்பும் வழியில் பாட்டி, "உங்க லிஸ்டுல நம்ம தோட்டம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. பன்னிரண்டாவதாக எழுதிக்கொண்டோம்.

பாட்டி பால்மரம் சீவிய தோட்டம் ஆயர் தாவார் பக்கம். அடுத்த ஞாயிறு அப்பா காரில் கூட்டிப் போனார். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எங்கும் செம்பனை. லயங்களும் இல்லை. முனீஸ்வரர் கோயில் மட்டும் புதுத் தகரக் கூரையோடு நின்றது. அந்தக் கோயிலை அடையாளமாக வைத்து, "இங்கதான் பெரட்டுக்களம், இப்படிப் போனா எங்க வீடு" என்று பாட்டி கைகாட்டிக்கொண்டே நடந்தார். விடிவதற்குள் பெரட்டுக்கு நிற்க வேண்டும், மழை பெய்தால் அன்றைய கூலி போச்சு, ஒட்டுப்பாலைச் சாக்கில் கட்டித் தூக்கி வர வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தார். தோழி எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிவு செய்தாள். நாற்பது நிமிடக் குரல் பதிவு. எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் இதைச் செய்ததில்லை.

நீங்களும் மேற்படிப்புக்குப் புறப்படுபவராக இருந்தால், உங்கள் பட்டியலை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அவர்கள் சேர்க்கும் இடங்கள் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்காது.

பன்னிரண்டில் பதினொன்று முடிந்தது. மிச்சம் இருப்பது பங்கோர் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்து மாசி மகம். அதை நாங்கள் நினைத்த நாளில் பார்த்துவிட முடியாது, பிப்ரவரி அல்லது மார்ச் வரை காத்திருக்க வேண்டும். தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே பாட்டி ஆண்டு தவறாமல் கடல் தாண்டிப் போய் அம்மனைக் கும்பிட்டு வருகிறார். பல்கலைக்கழக நாட்காட்டியைப் பார்த்தேன். அந்த வாரம் வகுப்பு இருக்கிறது. கோலாலம்பூர் வரை விமானம், அங்கிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் பஸ் என்றால் ஒரு நாளில் வந்து போகிற தூரம் இல்லை.

பாட்டியிடம் சொன்னபோது, "தம்பி இருக்கான்ல" என்றார். தம்பி படிவம் ஒன்று படிக்கிறான். பாட்டிக்கு இடது முழங்கால் சரியாக மடங்காது, ஃபெர்ரியில் ஏறும்போது அந்தப் பக்கம்தான் நின்று பிடிக்க வேண்டும். பங்கோரிலிருந்து திரும்பிய அன்று, படகு ஆடும்போது எந்தப் படியில் கால் வைக்கச் சொல்ல வேண்டும் என்பதையும் அவனுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.