அலைபாயும் லேசருக்கு அயோடின் கடிவாளம்

லேசர் ஒளிக்கு ஒரே நிறம் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். கண்ணுக்கு அது சரிதான். நுட்பமாக அளந்து பார்த்தால், அந்த நிறம் ஓரிடத்தில் நிற்பதில்லை.

காரணம் வெப்பம். ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் சிவப்பு ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் சுமார் 633 நானோமீட்டர். அதன் குழாயின் இரு முனைகளிலும் உள்ள ஆடிகளுக்கிடையே ஒளி போய்வந்து வலுப்பெறுகிறது. அந்த இடைவெளிக்குள் அரை அலைகள் மிச்சமின்றிப் பொருந்தினால்தான் ஒளி நிலைக்கும். இடைவெளி மாறினால் அலைநீளமும் மாறும். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள போரோசிலிகேட் கண்ணாடிக் குழாய் 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் நீளும். அரை அலை மூன்று சேர்ந்தாலே அவ்வளவுதான்! அதனால் லேசரை இயக்கியதும் குழாய் சூடாகச் சூடாக, அலைநீளம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். நகர்வு பத்து லட்சத்தில் ஓரிரு பங்குதான். ஆனாலும் 1 மீட்டரை அளக்கும்போது அதுவே ஓரிரு மைக்ரோமீட்டர் பிழையாகிவிடும்.

இதற்குக் கடிவாளம் போடுவது அயோடின்.

சிறு கண்ணாடிக் குப்பிக்குள் அயோடின் ஆவியை அடைத்து, அதை இரு ஆடிகளுக்கும் நடுவே வைக்கிறார்கள். அயோடின் மூலக்கூறு குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் மட்டுமே ஒளியை உறிஞ்சும். எந்த நாட்டு ஆய்வகத்திலும் அந்த அதிர்வெண்கள் ஒன்றே. அவற்றில் சில இந்தச் சிவப்பு ஒளியின் எல்லைக்குள்ளேயே விழுகின்றன. ஓர் ஆடியைப் பீசோ படிகத்தில் பொருத்தி, மின்னழுத்தம் கொடுத்து, இம்மியளவு முன்னும் பின்னும் அசைக்கிறார்கள். உறிஞ்சும் புள்ளியைச் சரியாகக் கடக்கும்போது, இரு திசையிலும் போய்வரும் ஒளியால் அயோடின் தெவிட்டி உறிஞ்சுவது சற்றுக் குறைவதால், லேசரின் வெளிச்சம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடும். ஒளி உணரி அதைக் கவனிக்கிறது. அலைநீளம் எந்தப் பக்கம் விலகியது என்று கண்டுபிடித்து, மின்சுற்று ஆடியை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. குப்பியின் ஒரு நுனியை 15 டிகிரி குளிரில் வைத்திருப்பார்கள். ஆவியின் அழுத்தம் மாறினால் அந்தப் புள்ளியே சற்று இடம்பெயர்ந்துவிடும்.

இப்படிக் கட்டுப்படுத்திய லேசரைக் கொண்டு அளந்தால், 1 மீட்டருக்கு லேசரால் வரும் பிழை சுமார் 0.02 நானோமீட்டர். ஓர் அணுவின் விட்டத்தைவிட இது குறைவு.

1983இல் மீட்டரை ஒளியின் வேகத்தைக் கொண்டு வரையறுத்தார்கள். அந்த வேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று நிலையாகிவிட்டதால், அதிர்வெண் தெரிந்த லேசரே மீட்டர் அளவுகோலாகிவிடுகிறது. தொழிற்கூடங்களில் மைக்ரோமீட்டர் கருவியைச் சரிபார்க்கும் எஃகு கேஜ் பிளாக்குகளின் நீளத்தை உறுதிசெய்ய, தேசிய அளவியல் ஆய்வகங்கள் நம்பியிருப்பது இந்த வகை லேசரைத்தான்.