மலைமேல் ஓர் ஆண்டு

மே மாதத்தின் இறுதி வாரத்தில், பிள்ளையை விடுதிப் பள்ளிக்கு அனுப்பவிருக்கும் வீடுகளில் தாய்மார்க்கு ஒரு வேலை வந்து சேரும். சட்டை, காற்சட்டை, துவாலை, காலுறை, போர்வை என ஒவ்வொன்றிலும் பிள்ளைக்கு ஒதுக்கப்பட்ட எண்ணைத் தைக்க வேண்டும். சலவைக்குப் போன துணி மாறாமல் திரும்பி வர வேறு வழியில்லை. நாம் நன்கறிந்த சேலத்துக் குடும்பம் ஒன்றில், பத்து வயது மகனின் துணிகளையெல்லாம் மூன்று இரவுகள் விழித்துத் தைத்து முடித்த தாய், "பிறந்தபோது பெயர் வைத்தோம், இப்போது எண் வைக்கிறோம்" என்று கூறிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் நாம் கவனித்தோம்.

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த அன்று அக்குடும்பத்தோடு நாமும் மலையேறினோம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணை எழுதியிருக்கிறார்கள். முதல் பத்து வளைவுகளுக்குச் சிறுவன் உரக்க எண்ணிக்கொண்டு வந்தான். பிறகு குரல் தணிந்தது. இருபதாவது வளைவில் அவன் வாய் திறக்கவேயில்லை.

ஏரியும் காடும் சேர்ந்த ஊராதலால் ஏற்காடு என்பர். சேர்வராயன் மலைத்தொடரில் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் அமைந்த இவ்வூரில், கத்தோலிக்கரின் கல்விப் பணிக்கு நெடிய வரலாறு உண்டு. சிறுமியர்க்குக் குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரியர் நடத்தும் திரு இருதயப் பள்ளி. சிறுவர்க்கென 1917ஆம் ஆண்டு புனித கபிரியேல் சபை அருட்சகோதரர்கள் தொடங்கிய மாண்ட்போர்ட் பள்ளி. முன்னதன் பின்னணியில் நிற்பவர் 1807இல் பிரான்சு நாட்டில் சபை நிறுவிய அருளாளர் ஆன் மரி ஜவூகே அம்மையார். பின்னதற்குப் பெயர் தந்தவர் அதே நாட்டைச் சேர்ந்த புனித லூயி மரிய மாண்ட்போர்ட். 1673இல் பிறந்து, ஊர் ஊராக நடந்தே மறையுரை ஆற்றி, 43 வயதில் 1716இல் காலமான அவருக்கு 1947இல் பன்னிரண்டாம் பயஸ் புனிதர் பட்டம் அளித்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கல்வி கற்பிக்க அவர் சேர்த்த சில சகோதரர்களே பின்னர் கபிரியேல் தெசாயே அடிகளாரின் முயற்சியால் தனிச் சபையாக வளர்ந்தனர். இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் மீண்டும் இதற்கு வருவோம்.

1917 என்பது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு. அப்போது சேலம் மறைமாவட்டமே பிறக்கவில்லை. அது உருவானது 1930இல், முதல் ஆயர் ஹென்றி புருனியே ஆண்டகையின் காலத்தில். மலைமேல் காப்பித் தோட்டங்களை வைத்திருந்த ஐரோப்பியர்களும், சமவெளியில் பணியாற்றிய ஆங்கிலோ இந்தியர்களும் தம் மைந்தரை வெயில் தாக்காத இடத்தில் படிக்கவைக்க விரும்பினர். அவர்களை முன்னிட்டே பள்ளி தொடங்கிற்று. உதகையிலும் கொடைக்கானலிலும் நிகழ்ந்ததும் இதுதான். கொடைக்கானலில் 1901இல் தோன்றிய பள்ளி, அமெரிக்கச் சீர்திருத்த சபைகளைச் சார்ந்த மறைபரப்பாளர்களின் பிள்ளைகளுக்கென்றே அமைந்தது. இந்நாட்டுப் பிள்ளைகள் இப்பள்ளிகளில் பெருவாரியாக நுழைந்தது நாடு விடுதலை பெற்ற பிறகே. இன்று மாண்ட்போர்ட் பள்ளி இந்தியச் சான்றிதழ்த் தேர்வு மன்றத்தின் பாடத்திட்டத்தில் இயங்குகிறது; பெண்பிள்ளைகளும் அங்குப் பயில்கின்றனர். 2017இல் அதற்கு நூறு வயது நிரம்பிற்று.

வாயிலருகே பிரியும் அந்த ஐந்து நிமிடங்களை விவரிக்க நமக்கு விருப்பமில்லை. அனுப்பியவர்கள் அறிவார்கள். ஒன்றை மட்டும் கூறலாம்: பிள்ளை அழுதால் தந்தை திடமாக நிற்கிறார், பிள்ளை அழாமல் திரும்பிப் பாராது போய்விட்டால் தந்தைதான் உடைந்து போகிறார். நம்மோடு வந்தவருக்கு நேர்ந்தது இரண்டாவது.

மலைப் பள்ளி விடுதிகளில் நாள் முழுவதும் மணியால் ஆளப்படுகிறது. எழுவதற்கு மணி, செபத்துக்கு மணி, உணவுக்கு, வகுப்புக்கு, விளையாட்டுக்கு, மாலைப் படிப்புக்கு, இறுதியாக விளக்கணைப்பதற்கு மணி. வீட்டில் பத்து முறை அழைத்தும் எழாத பிள்ளை அங்கு முதல் மணிக்கே எழுகிறான். தாய்மார் இதைக் கேட்டு மகிழ்கிறார்கள். சற்றே பொறாமையும் கொள்கிறார்கள். முதல் இரண்டு வாரங்கள் கடினமானவை. பகலில் விளையாட்டிலும் வகுப்பிலும் மறந்திருப்பது இரவில் போர்வைக்குள் நினைவுக்கு வரும். படுக்கைக் கூடத்தில் அழுகைக்கும் ஓர் ஒழுங்குண்டு என்று பழைய மாணவர் ஒருவர் நம்மிடம் சொன்னார். ஒருவன் தொடங்கினால் நால்வர் தொடர்வார்களாம். ஆகவே முதல் ஆளாக எவனும் தொடங்க மாட்டானாம்!

பிற்காலத்தில் ஐக்கிய நாடுகள் அவையில் உயர்பதவி வகித்து, நாடாளுமன்ற உறுப்பினரும் ஆன சசி தரூர் 1962இல் மாண்ட்போர்ட் பள்ளியில் பயின்றார். அப்போது அவருக்கு வயது ஆறு. நடிகர் விக்ரமும் அங்கு விடுதியில் தங்கிப் படித்து 1983இல் பள்ளிக் கல்வியை முடித்தவரே. இத்தகைய பெயர்களைக் காட்டித் தம் பிள்ளையையும் அனுப்பத் துணியும் பெற்றோர் பலர். நமக்கோ அந்த ஆறு வயது என்ற எண்தான் மனத்தில் தைக்கிறது.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மழை. தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று ஆகிய இரண்டின் மழையையும் பெறும் மலை இது. மூடுபனி சாளரம் வழியே உள்ளே வந்து வகுப்பில் அமர்ந்துகொள்ளும். துணி காயாது, காலணியில் பூஞ்சை பூக்கும், சளியும் இருமலும் வரிசை பிழையாமல் படுக்கைக்குப் படுக்கை செல்லும். இக்காலத்தில்தான் வீட்டாரின் கவலை உச்சத்தில் இருக்கும். முன்னாளில் வாரம் ஒரு கடிதம் எழுதுவது விடுதிகளில் கட்டாயம். நான்கு வரியில் முடிந்துவிடும் அக்கடிதங்களைப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கும் பாட்டிமார் இன்றும் உளர். இன்று தொலைபேசி வந்துவிட்டது. குரலைக் கேட்கலாம், ஆனால் குரலைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ள இயலாது.

ஆகஸ்டு 15 வந்தால் மழையையும் மறந்து களிக்கிறார்கள். அன்னை மரியாளின் விண்ணேற்புப் பெருவிழாவும் நாட்டின் விடுதலை நாளும் ஒன்றாக வாய்த்திருப்பது நமக்குக் கிட்டிய பேறன்றோ! அக்டோபர் மாதம் செபமாலைக்குரியது. மாண்ட்போர்ட் புனிதர் செபமாலையின் மேன்மையைக் குறித்து நூலே எழுதியவர். மரியன்னைக்குத் தம்மை முழுவதும் ஒப்புக்கொடுக்கும் பக்தியைப் பரப்பியவர். விடுதியிலிருந்து வந்த பிள்ளை, வீட்டில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும் பெரியவர்களை நோக்கி, "இன்று செபமாலை இல்லையா?" என்று கேட்டுவிடுகிறான். நம் நண்பர் வீட்டில் அப்படித்தான் நடந்தது. பெரியவர்களுக்குப் பதில் சொல்ல வாயில்லை.

இடைக்கால விடுமுறைக்கு அவன் வந்திருந்த அந்தப் பத்து நாள்கள் நம் கவனத்தை மிகவும் ஈர்த்தன. உண்ட தட்டைத் தானே கழுவினான். படுக்கையைத் தானே மடித்தான். தாய் மகிழ்ந்தார். ஆனால் பாட்டி ஏதோ கேட்க அவன் ஆங்கிலத்தில் விடை சொல்ல, பாட்டி அவனைப் பார்த்த பார்வையை நாம் மறக்கவில்லை. ஊரில் உறவினர் ஒருவர் இறந்த செய்தியை அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. படிப்பு கெடுமே என்று மறைத்துவிட்டார்கள். அவன் அதை அறிந்தபோது, "நான் இந்த வீட்டுப் பிள்ளை இல்லையா?" என்று கேட்டான். தந்தை நெடுநேரம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் தெளிவாக உரைக்கிறது. பள்ளி அவர்களுக்குத் துணையே தவிர அவர்களுக்கு மாற்று அன்று. அப்படியாயின் விடுதிக்கு அனுப்புவது தவறா? அப்படி நாம் கூறத் துணியோம். தாயும் தந்தையும் அயல்நாட்டில் பணிபுரியும் வீடுகள் உண்டு. மாற்றலுக்கு மேல் மாற்றல் பெறும் அரசு ஊழியர்கள் உண்டு. குடியும் சண்டையுமான வீட்டிலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற அனுப்புகிறவர்களும் உண்டு. ஆனால் அயலார் மதிப்பதற்காக மட்டும் பத்து வயதுப் பிள்ளையை அனுப்புகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் அறிவுரை கூறிப் பயனில்லை. விடுமுறையில் வரும் பிள்ளையோடு அமர்ந்து பேசுங்கள், வீட்டுத் துயரத்தையும் அவனோடு பகிர்ந்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வது மட்டுமே நம்மாலாவது.

நவம்பர் முதல் சனவரி வரை மலையெங்கும் காப்பிப் பழம் பறிக்கும் காலம். 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார் என்பது வரலாறு. சவுக்கு போல் உயர்ந்த சில்வர் ஓக் மரங்களின் நிழலில், அவற்றின்மேல் மிளகுக்கொடி படர, கீழே சிவந்த பழங்கள் குலைகுலையாகத் தொங்கும். இடுப்பில் பை கட்டிய பெண்கள் பொழுது விடியுமுன் தோட்டத்துக்குள் இறங்குவர். பள்ளிப் பிள்ளைகள் நடைப்பயிற்சிக்குச் செல்லும் அதே பாதையில், அத்தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும் மலையாளிப் பழங்குடியினரின் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கு நடந்து போகிறார்கள். இரு வரிசைகளும் ஒன்றையொன்று கடந்து செல்வதை ஒரு பனிக்காலைப் பொழுதில் நின்று பார்த்தோம். ஒரு வரிசையில் கம்பளிச் சட்டையும் கழுத்துப் பட்டியும். மறு வரிசையில் சிலர் காலில் செருப்புமில்லை. ஒரு சிறுவன் மறுபக்கத்துச் சிறுவனைப் பார்த்துக் கையசைத்தான். அவனும் அசைத்தான்.

மாண்ட்போர்ட் அடிகளார் சகோதரர்களைச் சேர்த்தது யாருக்காக என்று மேலே குறிப்பிட்டோம். விடுதிப் பள்ளிகளின் கட்டணம் தோட்டத் தொழிலாளரின் ஆண்டு வருவாயில் அடங்குவதன்று. பெரிய விடுதிகளை நடத்தச் செலவாகும் என்பதையும், சபையார் பிற ஊர்களில் ஏழையர்க்கும் காது கேளாதோர்க்கும் பள்ளிகள் நடத்துகிறார்கள் என்பதையும் நாம் அறிவோம். எனினும் இக்கேள்வி மலைமேல் உள்ள பள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. நம் மறைமாவட்டத்தில் ஆங்கிலப் பள்ளியை நாடி வரிசையில் நிற்கும் நம் எல்லாருக்குமே உரியது. பங்குக் கோவிலை அடுத்த தமிழ்வழிப் பள்ளியில் நம்முள் எத்தனை பேர் பிள்ளையைச் சேர்த்திருக்கிறோம்?

பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பொதுத் தேர்வுகள். தேர்வு நெருங்கும்போது விடுதியில் அமைதி கூடுகிறது. கோவிலில் தனியே முழந்தாளிடும் பிள்ளைகளின் தொகையும் கூடுகிறது. (மார்ச்சுக்குப் பிறகு குறைந்துவிடும் என்று ஒரு சகோதரர் சிரித்துக்கொண்டே கூறினார்.) கோடைமழை ஒன்று பெய்தால் காப்பிச் செடிகள் ஒரே வாரத்தில் வெண்மையாகப் பூத்துவிடும். மல்லிகையை ஒத்த அந்த மணம் மலைச்சரிவெங்கும் நிறைந்து நிற்கும். பள்ளியை முடித்துச் செல்லும் மாணவர்களுக்கு விடைகொடுக்கும் பொழுதும் ஏறத்தாழ இதுதான். பத்து ஆண்டுகள் ஒரே கூடத்தில் உறங்கியவர்கள் அவர்கள். முதல் நாளில் அழாதவர்களும் அன்று அழுகிறார்கள்.

பிறகு ஏப்ரல், மே. ஊருக்கு உயிர் வரும் மாதங்களில் பள்ளி வெறிச்சோடிவிடுகிறது. சுற்றுலாப் பயணிகள் ஏரியில் படகோட்டுவர். அரசின் கோடை விழா நடக்கும். மே மாதத்தில் மலைமக்கள் திரளாகக் கூடிச் சேர்வராயன் கோவிலில் திருவிழா எடுப்பர். சமவெளியிலிருந்து எல்லாரும் மேலே வரும் அம்மாதங்களில், பெட்டிகள் மட்டும் கீழே இறங்கியிருக்கும்.

நம் நண்பரின் மகன் ஓராண்டை முடித்து வந்துவிட்டான். இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறான். மறு ஆண்டு போவதா வேண்டாமா என்று தந்தை இம்முறை அவனிடமே கேட்டார். அவன் உடனே விடை சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, போகிறேன் என்றான். ஆனால் வீட்டில் எது நடந்தாலும் தனக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று வாக்குக் கேட்டான். பாட்டிக்கு அவன் தமிழில் எழுதும் கடிதத்துக்கென அஞ்சல் உறைகள் சிலவற்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். காற்சட்டைகள் சிறுத்துவிட்டபடியால் தாய் புதியவற்றில் எண் தைத்துக்கொண்டிருக்கிறார். இம்முறை அவனும் பக்கத்தில் அமர்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறான்.