கறுத்த முகத்துக்கு எத்தனை நிறம்? ஓவியர் இளையராஜாவின் தூரிகை

செரண்டா – தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றின் வரவேற்பறைச் சுவரில் பாட்டியின் படம் ஒன்று இருக்கும். சிறிய கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, வண்ணம் ஏற்றி வாங்கியது. பால் மரக் காட்டில் உழைத்துக் கறுத்த முகம் அதில் மாநிறமாகியிருக்கும். லயத்து வாசல் இருந்த இடத்தில் நீலத்திரை தொங்கும்.

அந்த ஸ்டுடியோக்காரர் அழித்த இரண்டையும், அதாவது நிறத்தையும் வாசலையும், தன் படங்களின் உயிராக வைத்துக்கொண்டவர் தமிழக ஓவியர் எஸ். இளையராஜா (இசைஞானி அல்ல, பெயர்தான் ஒன்று). கும்பகோணம் அருகே 1979-இல் பிறந்தவர். கும்பகோணம், சென்னை அரசு கவின் கலைக் கல்லூரிகளில் பயின்றவர். ஆனந்த விகடனில் கதைகளோடு வந்த அவர் ஓவியங்களை நம் வாசகர்களும் பார்த்திருப்பீர்கள். 2021 ஜூனில் கோவிட் தொற்றால் சென்னையில் காலமானார்.

சமையலறையில், திண்ணையில், கதவோரத்தில் இருக்கும் கிராமத்துப் பெண்கள்தான் அவருடைய உலகம். "இது புகைப்படம்தானே?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஆனால் கேமராவுக்கு அந்த இடம் எளிதல்ல. இருட்டான அறையில், சன்னல் வெளிச்சத்தில் ஒருவரைப் படமெடுத்துப் பாருங்கள். சன்னல் வெளுத்துப் போகும், அல்லது முகம் இருண்டுவிடும். நம் கண் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது. ஓவியரும் அப்படித்தான், எதை எவ்வளவு காட்டுவது என்பதைத் தானே முடிவு செய்கிறார்.

அடுத்தது தோல். கறுத்த முகம் என்று கறுப்புச் சாயத்தை அப்பினால் முகம் செத்துவிடும். கறுத்த தோல், அதுவும் எண்ணெயோ வியர்வையோ பட்டிருந்தால், சுற்றியிருப்பதை வாங்கிக் காட்டும். சன்னல் பக்கக் கன்னத்தில் வானத்தின் நீலம் இருக்கும். தாடைக்குக் கீழே சேலையின் சிவப்பு ஏறியிருக்கும். எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காய்வதால், இந்த நிறங்களை ஒன்றுக்குள் ஒன்று இழைக்க அவகாசம் கிடைக்கிறது. ராஜா ரவிவர்மாவின் அச்சகம் 1894-இல் தொடங்கி வீடுவீடாகக் கொண்டுசேர்த்த வெளுத்த முகங்களுக்குப் பிறகு, இது சின்ன மாற்றம் அல்ல.

இடத்தையும் அவர் வெறும் பின்னணியாக விடவில்லை. காரை பெயர்ந்த சுவர், பித்தளைப் பாத்திரம், தேய்ந்த நிலைப்படி எல்லாமே முகத்துக்குக் கொடுத்த அதே பொறுமையோடு தீட்டப்பட்டவை. நிலக்காட்சியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார் என்றே சொல்லலாம்.

அவர் படங்களில் எல்லாப் பெண்களும் அழகாகவே இருக்கிறார்கள், களைப்பு தெரிவதில்லை என்ற குறை உண்டு. எனக்கும் அதில் ஓரளவு உடன்பாடுதான். மங்கு துடைத்துக் காய்த்துப்போன விரல்களைத் தீட்டும் ஓவியர் நம் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

வட சிலாங்கூரில் லயத்து வீடுகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. பாட்டியை வரைய நினைக்கும் மாணவர்கள் முதலில் விளக்கை அணைத்துவிட்டு, அவரைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். வெயில் நேராக விழாத காலை நேரம் நல்லது. கைப்பேசியில் படமெடுத்து வைத்து வரைவதானால், முகத்தை வெளுப்பாக்கும் வசதியை மறக்காமல் நிறுத்திவிடுங்கள்.