முன்வண்டி நின்றால் பின்வண்டி நிற்குமா?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் அதிகமான மழை கொட்டியது. மறுநாள் கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான குடியிருப்புகளில் சிக்கியிருந்தவர்களை ராணுவத்தினர் படகுகளில் மீட்டனர். தெருவுக்குள் படகு வந்த காட்சி இன்னும் பலருக்கு மறக்கவில்லை. ஆனால், எந்தப் படகும் வெள்ளம் தொடங்கும் இடம்வரை சாலை வழியாகத்தான் வந்தாக வேண்டும். லாரியில் ஏற்ற முடியாத படகுக்கு இருக்கும் வழி, சக்கரம் பூட்டிய டிரெய்லர்தான்.

லாஸ்பேட்டைக்குக் கிழக்கே சற்றுத் தொலைவில் மீனவக் குப்பங்கள். இடையில் எந்நேரமும் வண்டிகள் விரையும் கிழக்குக் கடற்கரைச் சாலை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் பிடித்துக்கொண்டன. கட்டுமரத்தைப் பிரித்துத் தோளில் சுமக்கலாம். கண்ணாடியிழைப் படகை அப்படித் தூக்க முடியாது. பழுதுபார்க்கவோ, விற்கவோ, வேறு கரைக்கு மாற்றவோ அதை டிராக்டரின் பின்னால்தான் இழுத்துச்செல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான டிராக்டர்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக். நம் ஊர் டிரெய்லர்கள் பலவற்றில் அதுவும் கிடையாது.

இறக்கத்தில் பாரவண்டி ஓட்டியவர்களுக்கு இதன் விளைவு தெரியும். மாடு நிற்க நினைத்தாலும் வண்டி நிற்காது. நுகத்தடி கழுத்தை நெருக்கித் தள்ளும். டிராக்டர் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போதும் நடப்பது அதுதான். பின்னால் வரும் பாரம் தன் வேகத்தை விடாமல் முன்வண்டியைத் தள்ளுகிறது. வளைவிலோ ஈரச் சாலையிலோ இது நேர்ந்தால் இரண்டு வண்டிகளும் இணைப்பில் மடங்கி, டிரெய்லர் பக்கவாட்டில் வீசப்படும். அந்நேரத்தில் பக்கத்தில் இருசக்கர வாகனத்தில் வருபவருக்கு ஒதுங்க இடம் இருக்காது.

இந்தத் தள்ளலையே பிரேக்காக மாற்றும் அமைப்பு உலகின் பல நாடுகளில் நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதன் பெயர் சர்ஜ் பிரேக். டிரெய்லரின் முன்தண்டில் உள்ள இணைப்பு, முன்னும் பின்னும் சிறிது நகரும்படி அமைக்கப்பட்டிருக்கும். முன்வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னே நெருக்க, இணைப்பு உள்ளே தள்ளப்படும். அது ஒரு கம்பியை அழுத்த, கம்பி மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும். பிரேக் ஆயில் குழாய் வழியாகப் பாய்ந்து சக்கரங்களைப் பிடிக்கும். ஓட்டுநர் தனியாக எதையும் இயக்க வேண்டியதில்லை. முன்வண்டியிலிருந்து இதற்கென மின்சாரமோ காற்றழுத்தமோ தேவையில்லை. பாரம் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறதோ, அவ்வளவு பலமாகப் பிரேக் பிடிக்கும். ஐரோப்பிய விதிகள்படி 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். 3,500 கிலோ வரை இத்தகைய தள்ளுவிசை பிரேக் போதும். அமெரிக்காவில் வணிக வாகனங்கள் இழுக்கும் டிரெய்லர்களுக்கும், எடை வரம்புகளுடன், 2007இல் இது அனுமதிக்கப்பட்டது.

கருவி எளியதுதான். ஆனால், படகு டிரெய்லருக்கு வேறு எந்த வண்டிக்கும் இல்லாத ஒரு பகை உண்டு: உப்புநீர். ஓடிவந்த சூட்டோடு சக்கரத்தைக் கடலில் இறக்கினால், குடத்துக்குள் இருக்கும் காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்கும். சீலைத் தாண்டி நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பேரிங் கிரீஸ் வெளுத்துப்போகும். டிரம்முக்குள் ஸ்பிரிங்குகள் துருவேறி ஒடியும். வீல் சிலிண்டரின் பிஸ்டன் இறுகிக்கொள்ளும். எஃகுக் குழாய் உள்ளும் புறமும் அரிக்கப்படும். வழக்கமான பிரேக் ஆயிலுக்கே ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் அழுத்தம் போய்விடும்.

லாஸ்பேட்டையில் ஒரு பட்டறையில் இப்படியொரு டிரெய்லரைப் பார்த்தேன். நகர வேண்டிய இணைப்பை அசையாதபடி வெல்டு வைத்திருந்தார்கள். "ரிவர்ஸ் எடுத்தா பிடிச்சுக்குது சார், அதான்" என்றார் மெக்கானிக். அவர் சொன்னதில் பிழையில்லை. பின்னால் தள்ளும்போதும் இணைப்பு நெருக்கப்படுவதால், மணலிலும் ஏற்றத்திலும் பிரேக் பிடிக்கத்தான் செய்யும். அதற்கு மாற்றும் உண்டு. பின்னோக்கிச் சுழலும்போது தானே விட்டுக்கொடுக்கும் பிரேக் ஷூ அமைப்பு ஒன்று. ரிவர்ஸ் விளக்கின் மின்சாரத்தால் ஆயில் பாதையை மூடும் வால்வு மற்றொன்று. வெல்டு வைத்தால் ரிவர்ஸ் தொல்லை தீரும், ஆனால் பிரேக்கும் தீர்ந்துபோகும். வாங்குபவருக்கோ அது பிரேக் உள்ள டிரெய்லராகவே தெரியும். பிரேக்கே இல்லாத வண்டியைவிட இது ஆபத்து என்பேன். இல்லாத வண்டியை ஓட்டுபவர் எச்சரிக்கையாகவாவது இருப்பார்.

பழுதுபார்ப்பது கார் பிரேக் வேலை தெரிந்த எவருக்கும் எட்டாத வித்தை அல்ல. முதலில் இணைப்பு தடையின்றி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் கழற்றித் துருவை நீக்கிக் கிரீஸ் இட வேண்டும். அடுத்து டிரம்மைத் திறந்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். கசியும் அல்லது இறுகிய வீல் சிலிண்டரைச் சுரண்டிச் சரிசெய்ய முயல்வதைவிடப் புதிது மாட்டுவதே நல்லது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒருபுறம் இழுக்கும் என்பதால் இருபுறமும் மாற்ற வேண்டும். துருப்பிடித்த எஃகுக் குழாய்க்குப் பதிலாகச் செம்பு-நிக்கல் கலவைக் குழாய் போட்டால் உப்பை அதிக காலம் தாங்கும். டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் பொருத்த விரும்புவோர், மாஸ்டர் சிலிண்டர் அதற்கு ஏற்றதுதானா என்று பார்க்க வேண்டும். டிஸ்க்குக்கு அதிக அழுத்தம் தேவை.

எல்லாம் மாட்டியபின் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். கால் மிதி இல்லாத பிரேக் என்பதால் பலர் திகைப்பது இங்கேதான். இணைப்பின் உள்ளே இருக்கும் தள்ளுகம்பியை ஒருவர் நெம்பிப் பிடிக்க, மற்றவர் தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்கி நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். குமிழி நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்; இடையில் ஆயில் தொட்டி வறண்டால் மறுபடி முதலிலிருந்து.

லாஸ்பேட்டையிலேயே மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. படகு வைத்திருக்கும் அரசுத் துறைகள் மழைக்காலத்துக்கு முன் படகு இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பதுபோல், அதைச் சுமக்கும் டிரெய்லரையும் மாணவர்களிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். அரை நாள் வேலை, செலவும் பெரிதல்ல. தகுதிச் சான்று தருபவர்களும் விளக்கு எரிகிறதா என்பதோடு நிறுத்தாமல், சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுழற்றி, தள்ளுகம்பியை நெம்பிப் பார்க்கலாம். சக்கரம் நின்றால் பிரேக் இருக்கிறது.

உரிமையாளர் செய்ய வேண்டியது அதைவிடக் குறைவு. கடலில் இறக்குமுன் சக்கரக் குடம் சற்று ஆறட்டும். கரையேறியதும் இரண்டு பக்க டிரம்முக்குள்ளும் நல்ல தண்ணீரை ஓடவிட்டு உப்பைக் கழுவட்டும். பிறகு காலி டிரெய்லரைச் சிறிது தூரம் ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்து, ஈரம் காய்ந்தபின் நிறுத்தட்டும்.